கடுதாசியும் களமும் – 14: "அவனுக்கு எந்தூரு பாஸ்போட்டு?"

சென்ற இதழில் நாகலிங்கம் எதிர்வீரசிங்கத்தை 1958ஆம் ஆண்டு டோக்கியோவில் விட்டுவிட்டு வந்தோம். 2.03 மீற்றர் உயரம் தாண்டி, ஆசிய விளையாட்டுப் போட்டியில் இலங்கைக்கு முதல் தங்கத்தைக் கொண்டுவந்த யாழ்ப்பாணத்து இளைஞர். அதே 1958இல் எங்கள் மலைகளில் கொழுந்தெடுத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் எவ்வளவு உயரம் தாண்டியிருந்தாலும் எந்தக் கொடியும் அவர்களுக்காக ஏறியிருக்காது என்று சொல்லி நிறுத்தினேன்.

இந்த இதழில் நாம் பனிக்கட்டி மேல் நடக்கப் போகிறோம். அதற்குக் காரணம் ஒரு கிழவி.

எல்ல ஸ்டேசனுக்கு ஏறும் வழியில் நான் வழக்கமாகத் தேத்தண்ணி குடிக்கும் கடை ஒன்று உண்டு. வெள்ளைக்காரப் பிள்ளைகள் ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்க முதுகுப்பையோடு போவார்கள், வருவார்கள். ஒரு மழை நாளில் கடைக்காரரின் மகன் கைபேசியில் ஒரு காணொளியைப் போட்டுக் காட்டினான். பளிங்கு போன்ற பனித்தரை. சின்ன உருவமாய் ஒரு பெண், அவளோடு உயரமான ஒருவன். அவன் அவளை இடுப்பில் பிடித்து வீசுகிறான். அவள் காற்றில் மூன்று சுற்றுச் சுற்றி ஒற்றைக் காலில், ஒரு கத்தியின் விளிம்பில் இறங்கிப் பின்னோக்கிச் சறுக்கிக்கொண்டே போகிறாள்.

கடைக்காரரின் தாய் எட்டிப் பார்த்தார். எழுபது தாண்டியவர், தெமோதரப் பக்கத்துத் தோட்டமொன்றில் பெயர் பதிந்து வேலை செய்து ஓய்ந்தவர்.

"என்னா தம்பி, புள்ளயத் தூக்கி எறியிறான்?"

"அது வெளையாட்டு அம்மாயி. போட்டி."

"எந்த நாட்டுப் புள்ள?"

"பிலிப்பைன்ஸ்."

"அவன்?"

"ரஷ்யாக்காரன்."

அம்மாயி சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "அப்ப அவனுக்கு எந்தூரு பாஸ்போட்டு?"

உலகத்தில் எத்தனையோ பேர் அந்தக் காணொளியைப் பார்த்திருப்பார்கள். அவள் எப்படி விழாமல் இறங்கினாள் என்றுதான் கேட்டிருப்பார்கள். ஊவாத் தோட்டத்துக் கிழவி மட்டும்தான் பாஸ்போட்டைக் கேட்பார். கேட்டது மிகச் சரியான கேள்வி. இந்த இதழ் அதற்கான பதில்.

அந்தப் பெண் இசபெல்லா காமெஸ். உடன் ஆடியவர் அலெக்சாந்தர் கொரோவின். அவர்கள் ஆடுவது ஃபிகர் ஸ்கேட்டிங் என்னும் விளையாட்டின் ஒரு பிரிவான சோடிச் சறுக்கல். ஃபிகர் என்பது பனிமேல் கத்தி கீறிச் செல்லும் வடிவம். நம் வாசலில் கோலம் போடுவது போல, ஒரே எட்டை மூன்று முறை ஒன்றன்மேல் ஒன்றாகப் பிசகாமல் கீறிக் காட்டுவதற்கு ஒரு காலத்தில் தனிப் புள்ளி இருந்தது. 1990க்குப் பிறகு உலகப் போட்டிகளில் அதை எடுத்துவிட்டார்கள். பெயர் மட்டும் நின்றுவிட்டது.

சோடிச் சறுக்கலில் ஆண் பெண்ணைத் தலைக்கு மேல் தூக்கி, தானும் வேகமாகச் சறுக்கிக்கொண்டே போக வேண்டும். எறிய வேண்டும், ஏந்த வேண்டும். 'மரணச் சுழல்' என்று ஓர் அங்கம். அவன் ஒரு கால் முனையைப் பனியில் ஊன்றிக் கவராயத்தின் நடுமுள் போல் நிற்க, அவன் கையைப் பிடித்தபடி அவள் தலை பனியை உரசுமளவு சாய்ந்து வட்டமிடுவாள். பிடித்த கை வழுக்கினால் என்ன ஆகும் என்று அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது. எனவே இதில் துணை கிடைப்பதுதான் பாதி வித்தை. உயரம் பொருந்த வேண்டும், தாளம் பொருந்த வேண்டும், பயம் பொருந்த வேண்டும். இவையெல்லாம் பொருந்திய ஓர் ஆள் உங்கள் நாட்டிலேயே பிறந்திருப்பான் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

தொடக்க காலத்தில் இது சிக்கலாகவே இருக்கவில்லை. 1910, 1911 ஆண்டுகளின் உலகப் போட்டிப் பதிவுகளில் ஒரு வேடிக்கையைக் காணலாம். லுடோவிகா எய்லர்ஸ் ஜேர்மன் பெண். வால்டர் யாக்கோப்சன் பின்லாந்துக்காரர். அன்றைக்குப் பின்லாந்தே தனி நாடில்லை, ரஷ்யச் சக்கரவர்த்தியின் ஆட்சிக்குள் இருந்த நிலம். ஆனாலும் அந்தச் சோடியின் பெயருக்கு எதிரே ஜேர்மனி, பின்லாந்து என்று இரண்டு பெயர்கள் இருக்கின்றன. ஒரு சோடி, இரண்டு கொடி. யாருக்கும் தலை வெடிக்கவில்லை. 1911இல் இருவரும் மணமுடித்தார்கள். 1920இல் அன்ட்வேர்ப் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியபோது அது பின்லாந்தின் தங்கம். தாலி கொடியைத் தீர்மானித்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

பாஸ்போட் என்ற சிறு புத்தகம் மனிதனைவிடப் பெரிதானது முதலாம் உலகப் போருக்குப் பிறகுதான். விளையாட்டும் அந்த வழியே போனது. இன்றைய விதி இரண்டடுக்கு. சர்வதேச ஸ்கேட்டிங் சங்கத்தின் போட்டிகளில் சோடியில் ஒருவர் அந்த நாட்டுப் பிரஜையாக இருந்தால் போதும், உடன்வருபவர் அந்தக் கொடியின் கீழ் ஆடலாம். ஒலிம்பிக்கில் அது நடக்காது. இருவரிடமும் அதே நாட்டின் பாஸ்போட் இருக்க வேண்டும். ஆக, உலகப் போட்டி வரைக்கும் ஒன்றாகப் போன சோடி ஒலிம்பிக் வாசலில் பிரிந்து நிற்கலாம்.

இந்த வாசலில் நின்றவர்களின் கதைகள் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி.

கவாகுச்சி யூகோ ஜப்பான்காரி. ரஷ்யச் சோடி ஒன்றின் ஆட்டத்தைப் பார்த்து மயங்கி, அவர்களின் பயிற்சியாளர் தமாரா மொஸ்க்வினாவைத் தேடிப் போனவர். கடைசியில் சென் பீற்றர்ஸ்பேர்க்கில் அலெக்சாந்தர் ஸ்மிர்னோவின் சோடியானார். ஜப்பான் இரட்டைப் பிரஜாவுரிமையை ஏற்காத நாடு. யூகோ தன் பிறந்த நாட்டுப் பாஸ்போட்டைக் கொடுத்துவிட்டு ரஷ்யப் பிரஜையானார். பெயரின் எழுத்துக்கூட்டும் 'கவாகுதி' என்று மாறியது. 2010 வான்கூவரில் நான்காம் இடம். பதக்கம் ஒரு படி மேலே நின்றுவிட்டது. கொடுத்த பாஸ்போட் கொடுத்ததுதான்.

தானித் பெல்பின் கனடாவில் பிறந்தவர், அமெரிக்காவின் பென் அகோஸ்தோவோடு பனி நடனம் ஆடியவர். முறைப்படி காத்திருந்தால் 2006 ஒலிம்பிக் போய்விடும். அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டத்தில் அவரைப் போன்றவர்களுக்காக ஒரு வழியை நுழைத்தது. 2005ஆம் ஆண்டின் கடைசி நாட்களில் ஜனாதிபதி புஷ் கையெழுத்திட்டார். டிசம்பர் 31இல் பெல்பின் அமெரிக்கப் பிரஜை. பெப்ரவரியில் தூரினில் வெள்ளி.

எனக்கு மிகப் பிடித்தது புரூனோ மாசோவின் கதை. பிரெஞ்சுக்காரர். அவருடைய சோடி அல்யோனா சவ்சென்கோ, உக்ரைனில் பிறந்து 2002இல் அந்த நாட்டுக்காக ஒலிம்பிக் ஆடி, பிறகு ஜேர்மனிக்கு மாறியவர். மாசோவுக்கும் ஜேர்மன் பாஸ்போட் வேண்டும். அதற்கு ஜேர்மன் மொழிப் பரீட்சை. மனிதர் பெண்ணை ஒற்றைக் கையில் தலைக்கு மேல் தூக்குவார், ஆனால் இலக்கணம் அவரைத் தூக்கி எறிந்தது. தோற்றார், மறுபடியும் எழுதினார். 2017இன் இறுதியில்தான் தேறினார். 2018 பெப்ரவரியில் பியோங்சாங்கில் முதல் சுற்று முடிவில் நான்காம் இடத்தில் இருந்தவர்கள், இரண்டாம் சுற்றில் 159.31 புள்ளி எடுத்து உலக சாதனையோடு தங்கம் வென்றார்கள். சவ்சென்கோவுக்கு அது ஐந்தாவது ஒலிம்பிக், வயது 34. பனியில் விழுந்து எழுந்தவரைவிட, பரீட்சையில் விழுந்து எழுந்தவர் மீதே எனக்கு மரியாதை அதிகம். படிவங்களோடு போராடியவர்களின் பரம்பரையில் பிறந்தவனுக்கு அப்படித்தானே தோன்றும்.

இனி காமெஸ்.

பிலிப்பைன்ஸ் நம்மைப் போலவே வெயில் நாடு. அங்கே பனி வானத்திலிருந்து விழவில்லை, கடைத்தொகுதிக்குள் முளைத்தது. 1990களில் மணிலாவின் பெரிய அங்காடிகளுக்குள் சறுக்கல் தளங்கள் வந்தன. துணிக்கடைக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் நடுவே, குளிர்சாதன இயந்திரம் உறையவைத்த தரை. அந்தத் தளங்களிலிருந்து வந்த பையன்தான் மைக்கல் மார்ட்டினெஸ். சிறுவயதில் ஆஸ்துமாக்காரன். 2014 சோச்சியில் ஒலிம்பிக் ஆடிய முதல் தென்கிழக்காசிய ஃபிகர் ஸ்கேட்டர். 19ஆம் இடம். பயிற்சிச் செலவுக்குக் குடும்பம் வீட்டை அடகு வைத்திருந்த செய்தி அப்போது உலகமெல்லாம் ஓடியது.

தனியாக ஆடுபவனுக்கு வீட்டை அடகு வைத்தால் போதும். சோடியாக ஆட நினைக்கும் பெண்ணுக்கு அது போதாது. எறிந்து ஏந்தப் பழகிய ஆண்கள் அந்த நாட்டில் கிடையாது. காமெஸ் முதலில் சேர்ந்து ஆடியது கனடாவின் டேவிட்-அலெக்சாந்தர் பராடி என்பவரோடு. பிறகு கொரோவின். 2023 பெப்ரவரியில் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸில் நடந்த நான்கு கண்டப் போட்டியில் இருவரும் பிலிப்பைன்ஸ் கொடியின் கீழ் ஆடினார்கள். அந்தப் போட்டி ஐரோப்பா அல்லாத கண்டங்களுக்கானது. பிறப்பால் ரஷ்யரான ஒருவர் அதில் ஆட முடிந்ததென்றால், அது இசபெல்லாவின் பாஸ்போட்டின் தயவு. உக்ரைன் போருக்காக 2022 மார்ச் முதல் ரஷ்யக் கொடியைச் சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் தன் போட்டிகளுக்குள் விடவில்லை என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். சோடியில் தூக்குபவன் அவன், சுமப்பவள் அவள்.

ஆனால் ஒலிம்பிக் வாசல் அப்படியே இருந்தது. 2026 மிலானோவை நினைத்தால் கொரோவினுக்கும் பாஸ்போட் வேண்டும். பிலிப்பைன்ஸில் இதற்கொரு பழகிய வழி உண்டு. ஒரே ஒரு ஆளுக்காகப் பாராளுமன்றம் ஒரு சட்டமே இயற்றும். அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் ஆண்ட்ரே பிளாட்சுக்கு 2014இல் அப்படிச் செய்தார்கள், ஜஸ்டின் பிரௌன்லிக்கு 2023 ஜனவரியில். கொரோவினுக்கு 2025இல். ஒரு மனிதனின் பெயரைத் தலைப்பில் போட்டு, இரண்டு சபைகளும் கைதூக்கி, ஜனாதிபதி கையெழுத்திட்டு ஒரு சட்டம்.

அம்மாயிக்கு இதைச் சொன்னேன். "ஒத்த ஆளுக்கா? சட்டமா?" என்றார்.

அவருடைய வியப்பு புரிய வேண்டுமென்றால் நாம் 1948க்குத் திரும்ப வேண்டும்.

அந்த ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தை இந்தத் தொடரில் ஏற்கெனவே இரண்டு முறை தொட்டுவிட்டோம். இலங்கையில் பிறந்தது மட்டும் போதாது. தகப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தகப்பன் வழித் தாத்தாவும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். அதைக் காட்டக் கடுதாசி வேண்டும். லயத்தில் பிறந்தவனுக்கு, பிரசவம் பார்த்த மருத்துவச்சியின் ஞாபகத்தைத் தவிர வேறு பதிவேடு ஏது? 1947 தேர்தலில் பதுளையில் எஸ். எம். சுப்பையா உட்பட இலங்கை இந்தியக் காங்கிரசின் ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். 1952இல் ஒருவரும் இல்லை. வாக்காளர்களையே காணோம்.

இதில் அதிகம் பேசப்படாத ஒரு பிரிவு இருக்கிறது. பொதுச் சேவையிலோ தொழிலிலோ வணிகத்திலோ விவசாயத்திலோ சிறந்து விளங்கும் ஆட்களை அமைச்சர் விரும்பினால் பிரஜையாகப் பதியலாம். ஆனால் ஆண்டுக்கு 25 பேருக்கு மேல் கூடாது. அதாவது, கொரோவினுக்குத் திறந்த அதே மாதிரிக் கதவு நம் சட்டத்திலும் இருந்தது. சிறந்த ஆளுக்கு ஒரு சின்னக் கதவு, கொழுந்தெடுக்கும் கூட்டத்துக்கு ஒரு பெரிய சுவர். விவசாயத்தில் சிறந்து விளங்குவோர் என்று எழுதிய கைக்கு, நம் நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் பெரும்பங்கை முதுகில் கூடை கட்டிச் சுமந்தவள் கண்ணில் படவில்லை.

1949இல் வந்த இந்தியர், பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டத்தின் கீழ் 8 இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போனதையும், ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கே அது கிடைத்ததையும் முன்பு பார்த்தோம். பிறகு 1964 ஒக்டோபர் 30. இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் 9 இலட்சத்து 75 ஆயிரம் மனிதர்களைக் கணக்குப் போட்டுப் பங்கிட்டார்கள். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் 1,50,000 பிறகு பார்ப்பதற்கு. அந்த மிச்சத்தை 1974இல் சிறிமாவும் இந்திரா காந்தியும் ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டார்கள்.

பதுளையில் புறப்பட்ட கோச்சி தெமோதரை, எல்ல, பண்டாரவளை என்று நின்று நின்று ஆட்களை ஏற்றியது. ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் விழுந்தது அதனால்தான். தலைமன்னார் வரை ரயில், அங்கிருந்து ராமானுஜம் கப்பல். அம்மாயியின் அண்ணனும் அதில் போனவர். அண்ணனுக்கு இந்தியா பாஸ்போட், தங்கை இங்கேயே நின்றுவிட்டார். ஒரே லயத்தில், ஒரே அடுப்பில் சோறு தின்று வளர்ந்தவர்கள். அண்ணன் கூடலூர்ப் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கேயும் அதே கொழுந்து, அதே மட்டக் கம்பு. திரும்பி வந்ததில்லை.

அந்த ஆண்டுகளில் ஊவாத் தோட்டங்களில் ஓடவோ தாவவோ பந்தடிக்கவோ கெட்டிக்காரப் பிள்ளைகள் இல்லாமலா இருந்தார்கள்? தோட்டத்துக்குத் தோட்டம் பந்தாட்டம் நடந்தது. ஆனால் மாவட்டம், மாகாணம், நாடு என்று ஏறும் படியில் ஏதோ ஒன்றில் பிறப்புச் சான்றிதழையோ பிரஜாவுரிமைச் சான்றையோ கேட்பார்கள். நாட்டை இழந்தவர்களுக்கென்று ஓர் அணியை ஒலிம்பிக் முதலில் அமைத்தது 2016இல்தான், ரியோவில் இறங்கிய அகதிகள் அணி. எங்கள் ஆட்களுக்கு அது ஐம்பது அறுபது வருடம் பிந்திய செய்தி.

கடைக்காரரின் மகன் வேறு கேள்வி கேட்டான். "நம்ம ஆளுங்க யாரும் இப்பிடிச் சறுக்கலயா சேர்?"

2022 பீஜிங் வரைக்கும் குளிர்கால ஒலிம்பிக்கில் இலங்கைக் கொடி இறங்கியதில்லை. நுவரெலியாவில் தைமாதத்து உறைபனி ஒரே இரவில் கொழுந்தைக் கருக்கிவிட்டுப் போகும். நமக்குத் தெரிந்த பனி அவ்வளவுதான். கமுகம் மட்டையில் உட்கார்ந்து புல்மேட்டில் சறுக்கியது வேண்டுமானால் கணக்கில் வரும். ஆனால் அக்கரையில் பனிக்குப் பதில் சில்லைக் கட்டிக்கொண்டு சோடியாக ஆடியவர்கள் உண்டு. 2010இல் குவாங்சோ ஆசிய விளையாட்டில் முதன்முதலாக உருளைச் சறுக்கலைச் சேர்த்தபோது, ஹைதராபாத்தின் அனூப் குமார் யாமாவும் குஜராத்தின் அவனி பஞ்சாலும் சோடிப் பிரிவில் வெண்கலம் வாங்கினார்கள். அதே தூக்கல், அதே சுழல், கத்திக்குப் பதில் சக்கரம், பனிக்குப் பதில் வழவழப்பான தரை. யாமா தனிப் பிரிவிலும் ஒரு வெண்கலம் எடுத்தார். 2023 ஹாங்சோவில் 3000 மீற்றர் சறுக்கல் அஞ்சலில் வெண்கலம் வென்ற இந்தியப் பெண்கள் நால்வரில் ஆரதி கஸ்தூரிராஜும் கார்த்திகா ஜெகதீஸ்வரனும் சென்னைப் பிள்ளைகள். 2025இல் சீனாவில் நடந்த உலகப் போட்டியில் ஆனந்த்குமார் வேல்குமார் 1000 மீற்றரிலும் 42 கிலோமீற்றரிலும் தங்கம் வென்றார். அவரும் சென்னைதான். தார் ரோட்டில் பழகி உலகத்தை வென்றவர்களை நம் பத்திரிகைகள் விளையாட்டுப் பக்கத்தின் மூலையில் போட்டன. கிரிக்கெட்டில் ஒருவருக்கு விரல் சுளுக்கினால் முதற்பக்கம்.

பனியிலேயே ஆடும் ஒருத்தியும் இருக்கிறார். தாரா பிரசாத், அமெரிக்காவில் இந்தியப் பெற்றோருக்குப் பிறந்தவர். இந்தியாவுக்காக ஆட வேண்டுமென்று 2019இல் இந்தியப் பிரஜையானார். இந்தியாவும் இரட்டைப் பிரஜாவுரிமை தராத நாடு. உலகமே வரிசையில் நின்று கேட்கும் அமெரிக்கப் பாஸ்போட்டை ஒரு பத்தொன்பது வயதுப் பெண் கொடுத்துவிட்டு வந்தாள் என்பதை, வரிசையில் நின்றே வயதுபோன நம் ஆட்களுக்கு எப்படிச் சொல்வது? 2025 பெப்ரவரியில் ஹார்பின் ஆசியக் குளிர்கால விளையாட்டில் அவர் எட்டாவது. அதே ஹார்பினில் பிலிப்பைன்ஸ் ஆண்கள் கேர்லிங் போட்டியில் தென்கொரியாவை வென்று தங்கம் எடுத்தார்கள். அந்த அணியில் பெரும்பாலோர் சுவிட்சர்லாந்தில் வளர்ந்த பிலிப்பினோக்கள். தாய்வழி உறவை அந்த நாடு மறக்கவில்லை, தேடிப் போய்ப் பாஸ்போட் கொடுத்தது.

நம் நாடும் ஒரு நாள் கொடுத்தது. 1988இல் ஒரு சட்டம், பிறகு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம். 'இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம்' என்று அதன் பெயர். தோட்டம் தோட்டமாக மேசை போட்டுப் பத்தே நாட்களில் 1 இலட்சத்து 90 ஆயிரம் பேருக்கு மேல் பதிந்தார்கள் என்று ஐ.நா. அகதிகள் நிறுவனம் கணக்குச் சொல்கிறது. ஐம்பத்தைந்து வருடம் இழுத்த காரியம் பத்து நாள் வேலையாகத்தான் இருந்திருக்கிறது.

அம்மாயியின் கையில் அந்தக் கடுதாசி வந்தபோது அண்ணன் கூடலூரில் இறந்து சில வருடங்களாகியிருந்தன. இதை அவர் அழாமல்தான் சொன்னார். சொல்லிவிட்டுக் கைபேசியை மறுபடி வாங்கி, அந்தப் பெண் காற்றில் சுற்றும் இடத்தை இரண்டு முறை போடச் சொல்லிப் பார்த்தார். "விடல பாரு, புடிச்சிட்டான்" என்றார்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். பதுளை, பசறை, லுணுகலை, ஹாலிஎல, ஹப்புத்தளைப் பக்கத்து வீடுகளின் தகரப் பெட்டிகளில் 1949க்குப் பிந்திய விண்ணப்பப் படிவங்கள், நிராகரிப்புக் கடிதங்கள், தோட்டப் பந்தாட்ட அணிகளின் படங்கள் இன்னும் இருக்கின்றன. கறையான் அரித்தது என்று அடுப்பில் போட்டுவிடாதீர்கள். இந்தப் பத்திரிகையின் முகவரிக்கு ஒரு பிரதி எடுத்து அனுப்புங்கள், மூலத்தை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த இதழில் அந்தப் பந்தாட்ட அணிகளைத்தான் எழுத இருக்கிறேன்.